சாக்ஸஃபோனைக் கேட்டு கிட்டார் கற்றவர்கள்

ஜாஸ் கிட்டார்காரர் வெஸ் மான்ட்கோமரியைக் கேட்டுவிட்டு ஜார்ஜ் பென்சனைக் கேட்டால், அவர் விட்ட இடத்தில் இவர் எடுத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது என்கிறீர்கள். ஜாஸ் கிட்டாரில் எல்லோருமே முன்னால் போனவரைப் பார்த்து வாசித்தவர்கள்தானா, யார் யாரிடமிருந்து எதை எடுத்தார்கள், எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம் என்பது உங்கள் கேள்வி.

முதல் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில்: ஆமாம். கூச்சமே இல்லாமல், நோட்டுக்கு நோட்டு, அதாவது ஸ்வரத்துக்கு ஸ்வரம், பார்த்து வாசித்தவர்கள்தான். ஆனால் யாரைப் பார்த்து என்று கேட்டால் கதை வேறு பக்கம் திரும்புகிறது. கிட்டார்காரர் இன்னொரு கிட்டார்காரரிடம் கற்றது பாதிக் கதை. மீதிப் பாதியில் சாக்ஸஃபோனும் ட்ரம்பெட்டும் வருகின்றன. அதை விட்டுவிட்டால் பென்சன் எங்கே மான்ட்கோமரி மாதிரி கேட்கிறார், எங்கே கேட்கவில்லை என்பதே பிடிபடாது.

ஒரு சம்பவத்திலிருந்து தொடங்குகிறேன். 1930களின் கடைசி. அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில் நார்த் டகோட்டா மாநிலம், பிஸ்மார்க் என்ற ஊர். மேரி ஆஸ்போர்ன் என்ற பெண்ணுக்கு அப்போது பதினேழு வயது இருக்கும், ஏற்கெனவே கிட்டார் வாசிப்பவர். ஊருக்கு வந்திருந்த ஒரு குழுவைக் கேட்கப் போகிறார். உள்ளே நுழையும்போது காதில் விழுவது டெனர் சாக்ஸஃபோன். ஏதோ ஒலிபெருக்கியில் மாட்டிக் கொஞ்சம் திரிந்துபோன சாக்ஸஃபோன் என்று நினைக்கிறார். மேடையைப் பார்த்தால் சாக்ஸஃபோன் இல்லை. ஒரு ஒல்லியான இளைஞர் உட்கார்ந்து மின்சாரக் கிட்டார் வாசித்துக்கொண்டிருக்கிறார். அவர் சார்லி கிறிஸ்டியன். கையோடு அதே மாதிரி ஒரு கிட்டாரை வாங்கிக்கொண்ட ஆஸ்போர்ன், பின்னாளில் நியூயார்க்கில் சாக்ஸஃபோன்காரர் கோல்மன் ஹாக்கின்ஸ் போன்றவர்களோடு இசைத்தட்டில் வாசிக்கும் அளவுக்கு வளர்ந்தார்.

ஆஸ்போர்னுக்கு அன்று நேர்ந்த அந்தக் காதுத் தவறுதான் ஜாஸ் கிட்டாரின் முக்கால்வாசி வரலாறு.

கிறிஸ்டியனுக்கு முன்னால் என்ன இருந்தது என்று பார்த்துவிடுவோம். ஜாஸ் குழுவில் கிட்டாருக்குப் பெரிய தலைவலி சத்தம். ட்ரம்பெட்டும் ட்ராம்போனும் ஊதும்போது நடுவில் ஒரு மரப்பெட்டியின் ஒலி யாருக்குக் கேட்கும்? அதனால்தான் ஆரம்பத்தில் பான்ஜோதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. 1925 வாக்கில் மைக் வைத்து மின்சார முறையில் ஒலிப்பதிவு செய்யத் தொடங்கிய பிறகுதான் கிட்டாரின் குரல் தட்டில் ஏற ஆரம்பித்தது. அந்தக் காலத்து இரண்டு பெயர்கள் எடி லாங், லோனி ஜான்சன். லாங் ஃபிலடெல்ஃபியாவின் இத்தாலியக் குடும்பத்துப் பிள்ளை, கார்டுகளை, அதாவது பல நோட்டுகள் ஒன்றாக ஒலிக்கும் அடுக்குகளை, அழகாக அடுக்குவார். ஜான்சன் நியூ ஆர்லியன்ஸ் கறுப்பினத்தவர். தந்தியை வளைத்து, நோட்டை இழைத்துப் பாடவைப்பார். ட்ரம்பெட்காரர் லூயி ஆம்ஸ்ட்ராங்கோடும் ட்யூக் எலிங்டனோடும் ஒலிப்பதிவு செய்தவர். இவர்கள் இருவரும் 1928, 29இல் சேர்ந்து வாசித்த தட்டுகளை இன்றைக்கும் கேட்கலாம். லேபிளில் லாங்கின் பெயர் இருக்காது, 'பிளைண்ட் வில்லி டன்' என்று இருக்கும். கறுப்பினத்தவர்களுக்கென்று தனியாக விற்ற தட்டு வரிசையில் ஒரு வெள்ளைக்காரர் வாசிக்கிறார் என்பதை மறைக்கப் போட்ட வேஷம். லாங் 1933இல், முப்பது வயதில், டான்சில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இறந்துபோனார். ஜான்சனின் வழி ப்ளூஸ் பக்கம் போய், பி.பி. கிங் வரைக்கும் நீள்கிறது.

அதே சமயம் கடலுக்கு அந்தப் பக்கம் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1910இல் பெல்ஜியத்தில் பிறந்த ஜிப்ஸி. 1928இல் அவர் குடியிருந்த வண்டியில் தீப்பிடித்தது. மனைவி விற்பதற்காகச் செய்து வைத்திருந்த செல்லுலாய்ட் பூக்களில் மெழுகுவர்த்தி நெருப்பு பட்டதுதான் காரணம். பதினெட்டு வயது. இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் சுருங்கிப்போயின. மிச்சமிருந்த இரண்டு விரல்களை வைத்துத்தான் உலகமே வாய்பிளந்த அத்தனை வேகத்தையும் வாசித்தார். இரண்டு விரல் இருந்தால் கையை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு ஆறு தந்திகளிலும் மேய முடியாது. கழுத்தின் நீளத்துக்கு மேலும் கீழும் ஓடத்தான் வேண்டும். ஜாங்கோவின் வாசிப்பில் மின்னல் மாதிரி கீழிருந்து மேலே பாய்கிற அந்த ஓட்டம் இப்படி வந்தது.

ஆனால் அந்த ஓட்டத்தில் அவர் என்ன சொல்ல வந்தார் என்பது வேறு இடத்திலிருந்து வந்தது. 1930, 31 வாக்கில் தூலோன் நகரில் எமில் சாவித்ரி என்ற ஓவியர் வீட்டில் ஆம்ஸ்ட்ராங்கின் இசைத்தட்டுகளைக் கேட்டதுதான் ஜாங்கோவுக்குத் திருப்பம். ஒரு ஸ்வரத்தை எடுத்து நிறுத்தி, அதைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் நெஞ்சைப் பிளக்கிற மாதிரி உச்சியில் கொண்டுபோய் வைக்கிற பழக்கம் ட்ரம்பெட்காரருடையது. 1934இல் ஸ்டெஃபான் கிராப்பெல்லியின் வயலினோடு பாரிஸில் தொடங்கிய 'ஹாட் கிளப்' ஐவர் குழுவில் ஊதுகிற வாத்தியமே கிடையாது; மூன்று கிட்டார், ஒரு வயலின், ஒரு பேஸ். அப்படியிருந்தும் ஜாங்கோவின் சோலோக்களில், அதாவது தனி வாசிப்புகளில், ஆம்ஸ்ட்ராங் ஊதுவது கேட்கும்.

ஜாங்கோவைப் பின்பற்றியவர்களைப் பற்றி எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. பிரெலி லக்ரேன் பதின்ம வயதிலேயே ஜாங்கோவை அச்சு அசலாக வாசித்து 1980இல் ஆல்பம் போட்டவர், பிறகு தன் வழியைத் தேடிப் போனார். அவரை விடுங்கள். இன்று அந்தப் பாணியில் வாசிக்கிற பலர், நான்கு விரலும் நன்றாக இருந்தும், ஜாங்கோவின் ஓட்டங்களை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டு அவர் கேட்ட ஆம்ஸ்ட்ராங்கைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். வேகம் வந்துவிடுகிறது. மூச்சு வரமாட்டேன் என்கிறது.

இப்போது கிறிஸ்டியன். 1916இல் டெக்சாஸில் பிறந்து ஓக்லஹோமா சிட்டியில் வளர்ந்தவர். அப்பா பார்வையிழந்த இசைக்கலைஞர். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தெருக்களில் வாசித்துப் பிழைத்த குடும்பம். அதே ஊரில் வளர்ந்த எழுத்தாளர் ரால்ஃப் எலிசன், பள்ளிக்கூடத்தில் கிறிஸ்டியன் சுருட்டுப் பெட்டிகளை வைத்துக் கிட்டார் செய்துகொண்டிருந்ததைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த ஊருக்கு வந்து வாசித்துப் போனவர்களில் ஒருவர் டெனர் சாக்ஸஃபோன்காரர் லெஸ்டர் யங்.

லெஸ்டர் யங்கைக் கேட்டதில்லை என்றால் இதை நிறுத்திவிட்டு, 1936இல் அவர் முதன்முதலாகத் தட்டில் வாசித்த 'லேடி பி குட்' சோலோவைக் கேட்டுவிட்டு வாருங்கள். அந்தக் காலத்து டெனர் என்றால் கனமான, அதிர்கிற தொனி. இவர் தொனி இளசு, அதிர்வு குறைவு. வரிகள் நீளம். பேச்சில் ஒருவர் வாக்கியத்தை மூச்சுவிடாமல் நீட்டிக்கொண்டே போய், நாம் எதிர்பார்க்காத இடத்தில் சட்டென்று முடிப்பாரே, அந்த மாதிரி.

இதைத்தான் கிறிஸ்டியன் கிட்டாருக்குக் கொண்டுவந்தார். கொண்டுவர ஒரு கருவி தேவைப்பட்டது. கிப்சன் கம்பெனி 1936இல் விற்பனைக்கு விட்ட ஈ.எஸ்.150 என்ற மாடல் அது. ஆம்ப் என்ற ஒலிபெருக்கி, ஒயர் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 150 டாலர், பெயரில் இருக்கும் எண் அதுதான். கிட்டாரை மின்சாரத்தில் முதலில் இணைத்தவர் கிறிஸ்டியன் இல்லை. கவுன்ட் பேஸி குழுவில் இருந்த எடி டர்ஹம் போன்றவர்கள் ஏற்கெனவே செய்திருந்தார்கள். சத்தம் கூடியது என்பதைத் தாண்டி அதில் இன்னொன்று இருப்பதைக் கிறிஸ்டியன் கண்டுகொண்டார். மரக்கிட்டாரில் ஒரு நோட் தட்டியதும் செத்துவிடும், அதனால்தான் கார்டாக அடித்து இடத்தை நிரப்பினார்கள். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் வழியாக வருகிற நோட் கொஞ்ச நேரம் உயிரோடு நிற்கும். நின்றால் அடுத்த நோட்டோடு சேரும். சேர்ந்தால் அது ஊதுகிற வாத்தியத்தின் வரி ஆகிவிடும்.

கையைப் பார்த்தால் எல்லாம் எளிமை. பிக், அதாவது தந்தியை மீட்டும் சின்னத் தகடு, பெரும்பாலும் மேலிருந்து கீழாகவே விழுகிறது. இடது கை கார்ட் வடிவங்களைப் பிடித்துக்கொண்டு, அந்த வடிவங்களைச் சுற்றியே வரியைக் கோக்கிறது. கஷ்டம் கையில் இல்லை, வரி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதில் இருக்கிறது. எட்டு பார் (தாளச் சுற்று) கொண்ட பகுதி முடிந்து அடுத்தது தொடங்குகிற எல்லைக்கோட்டின் மேல் ஏறி, அது இருப்பதே தெரியாத மாதிரி தாண்டிப் போவார். அது முழுக்க முழுக்க லெஸ்டர் யங்.

1939 ஆகஸ்டில் கிளாரினெட்காரர் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்த கதையை இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜான் ஹாமண்ட் சொல்லிக்கேட்டு உலகமே சொல்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் ஒரு உணவகத்தில் நிகழ்ச்சி. குட்மனுக்கு இந்தப் பையனின் உடையைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. இடைவேளையில் ஹாமண்ட் அவரைப் பின்வழியாக மேடையேற்றி உட்காரவைத்துவிடுகிறார். இவனுக்குத் தெரியாது என்ற நினைப்பில் குட்மன் 'ரோஸ் ரூம்' என்று ஒரு பாட்டைத் தொடங்க, அது முக்கால் மணி நேரம் ஓடியது. அதன் பிறகு கிறிஸ்டியனுக்கு வாசிக்கக் கிடைத்தது இரண்டு வருடம்கூட இல்லை. இரவில் குட்மனோடு வேலை முடிந்ததும் ஹார்லெமில் மின்டன்ஸ் கிளப்புக்குப் போய் விடிய விடிய வாசிப்பார். பிபாப் என்று பிறகு பெயர் வாங்கிய இசை அங்கேதான் சமைந்துகொண்டிருந்தது. 1942 மார்ச்சில் காசநோயில் போய்ச் சேர்ந்தார். வயது 25.

அவர் விட்டுப்போன தட்டுகள்தான் அடுத்த இருபது வருடத்துக்குப் பாடப்புத்தகம். அந்தக் காலத்துத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம். அதில் கிட்டார் சோலோ வருவது அரை நிமிடமோ கொஞ்சம் கூடவோ. அந்த அரை நிமிடத்துக்காக ஊசியைத் தூக்கித் தூக்கித் திரும்ப வைத்து, தட்டு தேய்கிற வரை கேட்டுப் பிடித்தார்கள். டால் ஃபார்லோ அப்படித்தான் பிடித்தார். வட கரோலினாவில் போர்டு எழுதும் வேலை பார்த்துக்கொண்டே. கெனி பரல், ஹெர்ப் எலிஸ், ஜிம் ஹால், யாரைக் கேட்டாலும் கதை ஒன்றுதான்.

ஆனால் இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது பார்னி கெசலின் கதை. ஓக்லஹோமாவின் மஸ்கோகி ஊர்க்காரர். பதினாறு பதினேழு வயதில் ஒரு குழுவில் வாசித்துக்கொண்டிருந்தபோது, கிறிஸ்டியனே அவர் முன்னால் வந்து நின்றார். சேர்ந்து வாசிக்க உட்கார்ந்த பிறகுதான் கெசலுக்கு உறைத்தது. தனக்குத் தெரிந்தது எல்லாமே இவருடைய சரக்கு. இவர் எதிரில் இருக்கும்போது அதை எப்படி எடுத்து நீட்டுவது? மாமியார் வீட்டுக்குப் போய் மாமியார் கைப்பக்குவத்திலேயே குழம்பு வைத்துக் காட்டுகிற கதி. தனக்கென்று ஒரு வழி வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்கு வந்ததாகக் கெசலே பின்னால் சொல்லியிருக்கிறார்.

இனி உங்கள் ஆள். வெஸ் மான்ட்கோமரி இண்டியானாபொலிஸ்காரர், பிறந்தது 1923. கல்யாணமான புதிதில் கிறிஸ்டியனின் 'சோலோ ஃப்ளைட்' தட்டைக் கேட்கிறார். முழுக் குழுவும் பின்னால் வாசிக்க, தொடக்கம் முதல் கடைசி வரை கிட்டாரே முன்னால் நிற்கிற அபூர்வமான தட்டு அது. கிட்டாரும் ஆம்பும் வாங்கி, கிறிஸ்டியன் சோலோக்களை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்தார். நோட்டேஷன் படிக்கத் தெரியாது, கடைசிவரை தெரியாது. முதலில் கிடைத்த கிளப் வேலையில் கிறிஸ்டியனின் சோலோவை அப்படியே வாசிப்பார். அது முடிந்ததும் வாசிப்பதற்கு வேறு எதுவும் இல்லாததால் சும்மா உட்கார்ந்திருப்பார். 1948இல் இவரைக் குழுவில் சேர்த்துக்கொண்டவர் லயனல் ஹாம்ப்டன், அதாவது குட்மன் குழுவில் கிறிஸ்டியன் பக்கத்திலேயே நின்று வாசித்தவர். வட்டம் எவ்வளவு சின்னது பாருங்கள்.

அப்படியானால் வெஸ்ஸின் தனிக்குரல் எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி பக்கத்து வீட்டிலிருந்து. வேலை முடிந்து இரவில் பயிற்சி செய்வார். ஆம்ப் சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தில் புகார். பிக்கைக் கீழே போட்டுவிட்டு கட்டைவிரல் சதையால் மீட்ட ஆரம்பித்தார். சத்தம் அடங்கியது, கூடவே கிட்டாரின் உலோகக் கீச்சொலி போய், வெதுவெதுப்பான உருண்டை ஒலி ஒன்று வந்தது. விளையாட்டாக நானும் ஒரு மாதம் பிக்கை இழுப்பறையில் பூட்டிவிட்டுக் கட்டைவிரலால் வாசித்துப் பார்த்தேன். விரலோரம் கொப்புளம் வந்தது. வேகம் பாதியாகக் குறைந்தது. ஒலி மட்டும், பொய் சொல்ல மாட்டேன், கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது.

இன்னொரு பகுதி ஆக்டேவ். ஒரே ஸ்வரத்தை மேல் ஸ்தாயியிலும் கீழ் ஸ்தாயியிலும் ஒரே நேரத்தில் ஒலிக்கவிடுவது. கிட்டாரில் அந்த இரண்டு நோட்டுக்கும் நடுவே வாசிக்கக் கூடாத தந்தி ஒன்று, சில இடங்களில் இரண்டு, வந்து நிற்கும். ஆள்காட்டி விரல் கீழ் நோட்டை அழுத்திக்கொண்டே, தன் சதையால் நடுத் தந்தியை மெல்லத் தொட்டு ஊமையாக்க வேண்டும். சுண்டு விரலோ மோதிர விரலோ மேல் நோட்டைப் பிடிக்கும். கட்டைவிரல் மூன்று தந்திகள் மேலும் ஒரே வீச்சாக இறங்கும், இரண்டுதான் ஒலிக்கும். இந்தப் பிடியை மாற்றாமல் கழுத்து முழுக்க வேகமாக ஓட வேண்டும். ஆக்டேவை ஜாங்கோவும் வாசித்திருக்கிறார். அவருக்கு அது நடுவில் வந்துபோகிற அலங்காரம். வெஸ் அதிலேயே முழுச் சோலோ கட்டினார். இரண்டு சாக்ஸஃபோன்கள் ஒரே ட்யூனை ஸ்தாயி மாற்றிச் சேர்ந்து ஊதினால் எப்படி இருக்கும்? அதுதான்.

சோலோ கட்டுகிற முறையும் அப்படியே. முதலில் ஒற்றை நோட் வரிகள், சூடேறியதும் ஆக்டேவ், உச்சத்தில் முழுக் கார்டுகள். தனியாள் தொடங்கி, இருவர் சேர்ந்து, கடைசியில் ட்ரம்பெட், ட்ராம்போன் வாசிப்பவர்கள் மொத்தமும் எழுந்து நிற்கிற பெரிய குழுவின் அமைப்பு அது. 1950களில் பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் கிளப் என்று உள்ளூரிலேயே கிடந்தவரை 1959இல் வந்து கேட்டுவிட்டு, ரிவர்சைட் இசைத்தட்டுக் கம்பெனிக்குச் சொன்னவரும் ஒரு சாக்ஸஃபோன்காரர்தான்: கேனன்பால் ஆடர்லி.

இப்போது பென்சனுக்கு வரலாம். நீங்கள் கேட்ட ஒற்றுமை நிஜம். அதில் கொஞ்சம் இசைத்தட்டுக் கம்பெனியின் கைவேலையும் உண்டு. வெஸ்ஸின் 'பாஸ் கிட்டார்' (Boss, பேஸ் கிட்டார் இல்லை) வந்த மறு வருடம், 1964இல், பென்சனின் முதல் ஆல்பத்துக்கு வைத்த தலைப்பிலேயே 'நியூ பாஸ் கிட்டார்' இருந்தது. 1968 ஜூனில் வெஸ் 45 வயதில் மாரடைப்பில் இறந்தார். அவருடைய கடைசிக் கால ஆல்பங்களை, பாப் பாட்டுகளுக்குப் பின்னால் வயலின் கூட்டம் வைத்து, தயாரித்த கிரீட் டெய்லர்தான் அதே வருடம் பென்சனையும் கையில் எடுத்தார். பின்னணி அதே துணி என்றால், முன்னால் நிற்பவரும் அதே ஆள் மாதிரிதானே தெரிவார்?

வாசிப்பை மட்டும் தனியாகப் பிரித்துக் கேளுங்கள். பென்சனின் ஒற்றை நோட் வரிகள் பிக்கால் வருபவை. கூர்மை, வேகம், ஒவ்வொரு நோட்டும் தனித்தனியாகத் தெறிக்கும். அந்தச் சுத்தத்துக்கு அவர் கைகாட்டுகிற ஆட்களில் ஒருவர் நாஷ்வில் நகரின் கன்ட்ரி இசைக்காரர் ஹேங்க் கார்லண்ட். ஆக்டேவ் வாசிக்கும்போதுகூட பென்சன் பல இடங்களில் நடுவில் மூன்றாவதாக ஒரு நோட்டைச் சேர்த்துவிடுவார். வெஸ்ஸின் ஆக்டேவ் போலத் தொடங்கி அடர்த்தியாக வேறெங்கோ போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, பென்சன் அடிப்படையில் பாடகர். சிறுவயதிலிருந்தே மேடையில் பாடியவர். 1976இல் வந்த 'பிரீசின்' ஆல்பத்தில் 'திஸ் மாஸ்கரேட்' பாட்டைக் கேளுங்கள். கிட்டார் வாசிக்கும் அதே வரியை வாயாலும் கூடவே பாடுகிறார். மூச்சு விடும் இடத்தில் வரி நிற்கிறது. வெஸ் இதைச் செய்ததே இல்லை.

கிரான்ட் கிரீனை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன், அவர் விஷயம் தெளிவு. செயின்ட் லூயிஸ்காரர், கிறிஸ்டியனையும் சாக்ஸஃபோன்காரர் சார்லி பார்க்கரையும் கேட்டு வளர்ந்தவர். சோலோவில் கார்ட் அநேகமாக வாசிக்கவே மாட்டார். கிட்டாரை ஊதுகிற வாத்தியமாகவே நடத்தினார், அவ்வளவுதான். 1963இல் பதிவான 'ஐடில் மொமென்ட்ஸ்' தலைப்புப் பாட்டு ஒன்று போதும்.

ஜிம் ஹாலை அப்படி முடிக்க முடியாது. பதின்மூன்று வயதில் கிறிஸ்டியன் வாசித்த 'கிராண்ட் ஸ்லாம்' சோலோ காதில் விழுந்ததுதான் அவருக்கும் தொடக்கம். ஆனால் கிறிஸ்டியனிடமிருந்து மற்றவர்கள் வரிகளை எடுத்துக்கொண்டபோது, இவர் எடுத்துக்கொண்டது வரிகளுக்கு நடுவே இருந்த இடைவெளியை. கிளீவ்லாந்தில் முறையாக இசையமைப்புப் படித்தவர். அதனால் சோலோவை ஒரு சின்ன மெட்டில் தொடங்கி, அதையே திருப்பி, மடித்து, நீட்டிக்கொண்டு போவார். வேறு யாருக்கும் கேட்காத ஒரு மூதாதையும் இவருக்கு உண்டு. கவுன்ட் பேஸி குழுவில் 1937 முதல் 1987 வரை ஐம்பது வருடம் உட்கார்ந்து, சோலோ ஏறக்குறைய வாசிக்காமலேயே, தாளத்தின் நான்கு அடியும் ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருந்த ஃப்ரெடி கிரீன். 1962இல் பில் எவன்ஸோடு ஹால் வாசித்த 'அண்டர்கரன்ட்' ஆல்பத்தில் முதல் பாட்டு 'மை ஃபன்னி வேலன்டைன்'. பியானோவும் கிட்டாரும் மட்டும், ட்ரம்ஸ் கிடையாது, பேஸ் கிடையாது. எவன்ஸ் சோலோவில் பறக்க ஆரம்பித்ததும் ஹால் ஃப்ரெடி கிரீன் ஆகிவிடுகிறார். தந்திகள் மரத்தில் உரசுகிற சத்தம்கூடக் கேட்கும். அந்தச் சத்தம்தான் ட்ரம்ஸ்.

ஜாஸ் கிட்டாரின் பிற்காலம் பெரும்பாலும் வெஸ், ஹால் என்ற இந்த இரண்டு கதவு வழியாக உள்ளே வந்ததுதான். பாட் மெத்தெனி பையனாக இருந்தபோது வெஸ்ஸின் 'ஸ்மோக்கின் அட் தி ஹாஃப் நோட்' அவருக்கு வேதம். அதில் 'இஃப் யூ குட் சீ மீ நவ்' சோலோவை இன்றும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார். கட்டைவிரல், ஆக்டேவ் எல்லாம் அப்படியே வாசித்துப் பழகியவர், பதின்ம வயதிலேயே அதை நிறுத்திவிட்டார். வெஸ் தனக்கென்று ஒன்றைக் கண்டுபிடித்தவர்; அவருக்கு மரியாதை செய்வது என்றால் நாமும் நமக்கென்று ஒன்றைத் தேடுவதுதானே என்று பையனுக்குத் தோன்றிவிட்டது. 1976இல் வந்த முதல் ஆல்பம் 'பிரைட் சைஸ் லைஃப்' கேட்டால் வெஸ்ஸின் அடையாளம் மேலோட்டமாக எங்கும் தெரியாது. அந்த ஆல்பத்தில் மெத்தெனி எழுதாமல் எடுத்தாண்ட இசை யாருடையது தெரியுமா? சாக்ஸஃபோன்காரர் ஆர்னெட் கோல்மனுடையது. பத்து வருடம் கழித்து அவரோடேயே ஒரு ஆல்பமும் வாசித்தார்.

பில் ஃப்ரிசெல் ஜிம் ஹாலிடம் நேரடியாகப் பாடம் கேட்டவர். ஆசிரியரின் வரிகளில் ஒன்றையும் அவர் வாசிப்பில் காணமுடியாது. சும்மா இருக்கத் தெரிகிற தைரியம் அங்கிருந்து வந்தது. இங்கிலாந்தின் ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த் வெளிப்படையாகவே சொன்னவர்: தனக்கு வேண்டியிருந்தது சாக்ஸஃபோன்தான், கைக்கு வந்தது கிட்டார். சாக்ஸஃபோன்காரர் ஜான் கோல்ட்ரேன் ஊதுவது போல் வழிந்தோட வேண்டும் என்பதற்காக, பிக் படுவதையே முடிந்த மட்டும் குறைத்து, இடது கை விரல்களின் தட்டலிலேயே வாசித்தார்.

கடைசியாக ஜான் மெக்லாஃப்லின். யார்க்ஷயர்க்காரர், ஜாங்கோவைக் கேட்டு வளர்ந்தவர், கோல்ட்ரேன் பக்தர். இங்கேதான் நம் பக்கத்துக் கதவு திறக்கிறது. அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். கற்றது கிட்டாரின் மரத்தையே மாற்றியது. வீணையில் மெட்டுகள் (கிட்டாரில் ஃப்ரெட் என்கிற உலோகக் கட்டைகள்) மெழுகின் மேல் உயர்ந்து நிற்கும், அதனால் தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்க இடம் இருக்கும். கிட்டாரில் ஃப்ரெட்டுக்கும் கீழே மரத்துக்கும் இடையே அந்த உயரம் கிடையாது. ஃப்ரெட்டை உயர்த்துவதற்குப் பதிலாக நடுவில் இருக்கும் மரத்தைக் குழிவாகச் செதுக்கிவிட்டார்கள். ஒலித்துளைக்குக் குறுக்கே, மீட்டினால் கூடவே அதிர்கிற ஏழு துணைத் தந்திகளும் சேர்ந்தன. இந்தக் கிட்டாரோடு எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம், ராம்நாட் ராகவன் மிருதங்கம் என்று 1975இல் பதிவானதுதான் 'சக்தி' குழுவின் முதல் ஆல்பம். அங்கேயும் ஒரு கிட்டார்காரர் கற்றது கிட்டார்காரரிடம் இல்லை பாருங்கள்.

எங்கிருந்து தொடங்குவது? தனித்தனி ஆல்பமாகக் கேட்காமல் சோடி போட்டுக் கேளுங்கள். லெஸ்டர் யங்கின் 'லேடி பி குட்', உடனே கிறிஸ்டியனின் 'சோலோ ஃப்ளைட்'. ஆம்ஸ்ட்ராங்கின் 1920களின் கடைசித் தட்டு ஏதாவது ஒன்று, பிறகு 1930களின் ஜாங்கோ. வெஸ்ஸின் 'இஃப் யூ குட் சீ மீ நவ்', அதன் பின்னால் 'பிரைட் சைஸ் லைஃப்'. இந்தச் சோடியில் ஒற்றுமை தேடிக் கிடைக்கவில்லை என்றால் காது சரியாகத்தான் இருக்கிறது. பென்சனுக்கு மட்டும் 'திஸ் மாஸ்கரேட்' சோலோவைக் கூடவே பாடிப் பாருங்கள், சத்தமாக. எந்த இடத்தில் உங்களுக்கு மூச்சு முட்டுகிறதோ, அங்கே அவர் நிறுத்தியிருப்பார்.